ஒரே டவரில் பல டிஷ்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தேனி அரவிந்த் கண் மருத்துவமனை 2000-களின் நடுவில் ஒரு சோதனையில் இறங்கியது. ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர் போன்ற ஊர்களில் சிறிய பார்வை மையங்களைத் திறந்தது. அங்கே வரும் நோயாளியைத் தேனியில் இருக்கும் மருத்துவர் வீடியோவில் பார்த்துப் பேசுவார். அதற்கு ஏற்ற இணையம் அந்த ஊர்களை அப்போது எட்டியிருக்கவில்லை. அதனால் கம்பியில்லா இணைப்புகளைச் சொந்தமாகவே போட வேண்டியிருந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து எரிக் ப்ரூவரின் ஆய்வுக்குழு துணைக்கு வந்தது. 5 மையங்கள், 9 இணைப்புகள், 11 ரௌட்டர்கள் என்று வலை விரிந்தது. இணைப்புகளின் நீளம் 1 கிலோமீட்டரிலிருந்து 15 கிலோமீட்டர் வரை. 24 முதல் 42 மீட்டர் உயரத்துக்கு டவர்கள் எழுந்தன. ஓரிடத்தில் துணி ஆலை ஒன்றின் புகைபோக்கியே டவராக உதவியது.

உள்ளே ஓடியது வீட்டில் இருக்கும் அதே வைஃபை தொழில்நுட்பம். அதை அப்படியே டவரில் ஏற்றினால் தடுமாறும். தூரம் ஒரு காரணம்: அனுப்பிய ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ‘வந்து சேர்ந்தது’ என்ற பதிலை எதிர்பார்ப்பது வைஃபையின் சுபாவம். தூரம் கூடினால் அந்தப் பதில் வருமுன்பே பொறுமை இழந்து மறுபடியும் அனுப்பத் தொடங்கிவிடும். இன்னொரு காரணம் அருகாமை. இடைவழி டவரில் ஒரே கம்பத்தில் இரண்டு மூன்று ரேடியோக்கள் இருக்கும். ஒன்று பேசும்போது பக்கத்தில் இருப்பதற்குக் காது அடைத்துவிடும்.

அன்று ஆய்வுக்கூடங்கள் மண்டையை உடைத்துக்கொண்ட அந்தச் சிக்கல் இன்று ஊருக்கு ஊர் வந்துவிட்டது. கேபிள் டிவி ஆபரேட்டர்கள் இணைய சேவை நடத்துகிறார்கள். சிசிடிவி, கிளை அலுவலகம், பண்ணை வீடு எல்லாவற்றுக்கும் டவரில் ஒரு டிஷ் ஏறுகிறது. டவருக்கும் டவருக்கும் இடையே தரவைச் சுமக்கும் இந்த ‘பேக்ஹால்’ ரேடியோக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. கூடவே, டவர் ஏறுபவர்களிடம் சில நம்பிக்கைகளும் வேரூன்றியிருக்கின்றன.

“சேனல் வேறு வேறு. அப்புறம் எப்படிக் குறுக்கீடு வரும்?”

எல்லா நம்பிக்கைகளுக்கும் தாய் இதுதான். ஒரு ரேடியோ 5,780 மெகாஹெர்ட்ஸில், பக்கத்து ரேடியோ 5,810-ல் இயங்குகின்றன. 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல்கள், நடுவே இடைவெளியும் இருக்கிறது. பிறகென்ன பயம் என்று கேட்பார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டால் பயம் வரும்.

10 கிலோமீட்டர் தூர இணைப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 5.8 கிகாஹெர்ட்ஸ், 100 மில்லிவாட் சக்தி, இரு முனைகளிலும் 24 டெசிபல் ஆதாயம் தரும் டிஷ்கள். காற்றில் ஏற்படும் இழப்பு ஏறத்தாழ 128 டெசிபல். கூட்டிக் கழித்தால் மறுமுனையில் கிடைப்பது மைனஸ் 60 டிபிஎம், அதாவது ஒரு நானோவாட். அனுப்பியதில் 10 கோடியில் ஒரு பங்கு. நல்ல ரேடியோவுக்கு இது தாராளம்.

இப்போது அதே கம்பத்தில், ஒரு மீட்டர் தள்ளி, வேறொரு ரேடியோ 100 மில்லிவாட்டில் பேசுகிறது. அதன் டிஷ் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பக்கவாட்டில் ஆன்டெனாக்கள் எந்த ஆதாயமும் தராமல் வெறும் கசிவு மட்டுமே வருகிறது என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு மீட்டர் தூரத்தின் இழப்பு வெறும் 48 டெசிபல்தான். வந்து சேரும் சக்தி மைனஸ் 28 டிபிஎம். 10 கிலோமீட்டர் கடந்து வந்த சிக்னலைவிட இது 1,500 மடங்குக்கு மேல் பெரிது. கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கருக்கு அடியில் நின்றுகொண்டு போனில் பேசுகிறவரின் நிலைமைதான் அந்த ரேடியோவுக்கு.

சேனல் வேறுதானே என்றால், எந்த ரேடியோவும் தன் சேனலுக்குள் மட்டும் அடங்கி நிற்பதில்லை. விளிம்பில் வழியும். எவ்வளவு வழியலாம் என்பதற்கு வைஃபை தரநிலையே வரம்பு வைத்திருக்கிறது: 20 மெகாஹெர்ட்ஸ் சேனலின் மையத்திலிருந்து 20 மெகாஹெர்ட்ஸ் தள்ளி 28 டெசிபல், 30 மெகாஹெர்ட்ஸ் தள்ளி 40 டெசிபல் குறைந்திருந்தால் போதும். மைனஸ் 28-லிருந்து 40-ஐக் கழித்தால் மைனஸ் 68. வேண்டிய சிக்னல் மைனஸ் 60. இரண்டுக்கும் இடைவெளி 8 டெசிபல் மட்டுமே. வேகமான பண்பேற்றங்களுக்கு, அதாவது அலையில் தரவை ஏற்றும் முறைகளுக்கு, 25 முதல் 30 டெசிபல் வரை இடைவெளி தேவை. நல்ல ரேடியோக்கள் வரம்பைவிடக் குறைவாகவே வழியும் என்பது உண்மைதான். ஆனால் மலிவு ரேடியோக்களிடம் அந்த நல்லொழுக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

இணைப்பு அறுந்துபோகாது என்பதுதான் இதில் ஏமாற்றும் அம்சம். 8 டெசிபலை வைத்துக்கொண்டு மிகக் குறைந்த வேகத்தில் இழுத்துக்கொண்டு கிடக்கும். ‘லிங்க் அப்’ என்று திரை காட்டும். வாடிக்கையாளர் போன் செய்து திட்டுவார். சேனல் வேறு என்பதால் குறுக்கீட்டின் மேல் யாருக்கும் சந்தேகமே வராது.

போதாக்குறைக்கு, ரேடியோவின் முதல் பெருக்கி சேனல் பார்த்து வடிகட்டுவதில்லை. அந்த அலைவரிசைப் பட்டையில் வருவதை எல்லாம் சேர்த்தே பெருக்கும். சேனல் வடிப்பான் அதற்குப் பின்னால்தான் வரும். பக்கத்து ரேடியோவின் பெரும் சக்தி அந்தப் பெருக்கியைத் திணறடித்துவிட்டால், சேனலை எவ்வளவு தள்ளி வைத்தும் முழுத் தீர்வு கிடைக்காது.

“இரண்டு டிஷ்ஷும் எதிரெதிர்த் திசையில் பார்க்கின்றன”

பார்க்கட்டும். டிஷ்ஷின் முன்பக்கக் கற்றை கூர்மையானது என்பதற்காக முதுகு ஊமையாகிவிடாது. விலை குறைந்த கம்பிவலை டிஷ்கள் பின்பக்கமும் பக்கவாட்டிலும் தாராளமாகக் கசியும். ஓரத்தில் உருளை போன்ற உலோகக் கவசமும் அதன் உள்ளே அலையை உறிஞ்சும் பட்டையும் கொண்ட டிஷ்கள் இந்தக் கசிவைப் பெரிதும் அடக்குகின்றன. நெருக்கமான டவரில் ரேடியோவை மாற்றுவதைவிடக் கவசமுள்ள டிஷ்ஷுக்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். ரேடியோவில் புது மாடல் வரும், டிஷ் மட்டும் பழைய வலையாகவே தொங்கும்.

எங்கே மாட்டுவது என்பதிலும் வித்தியாசம் உண்டு. அக்கம்பக்கமாக மாட்டினால் தூரத்தை இரட்டிப்பாக்கும்போது கூடுதலாகக் கிடைக்கும் தனிமைப்பாடு 6 டெசிபல். எளிய செங்குத்து ஆன்டெனாக்களுக்கான சூத்திரத்தின்படி, ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டினால் அதே இரட்டிப்புக்கு 12 டெசிபல் கிடைக்கும். டிஷ்களுக்கு இந்த எண் அப்படியே பொருந்தாது. என்றாலும் மேலும் கீழுமாக விலக்குவதே மேல் என்பதே களத்தின் பாடமும். அதிலும் காகிதக் கணக்கை முழுதாக நம்பக் கூடாது. டவர் என்பது இரும்புச் சட்டங்களின் காடு. அலை அதில் பட்டுத் தெறித்து எந்தப் பக்கமும் வரும்.

“ஒன்று செங்குத்து, ஒன்று கிடைமட்டம். பிரச்சினை தீர்ந்தது”

ஒரு காலத்தில் தீர்ந்தது. நல்ல டிஷ்ஷில் இந்த இரு முனைவாக்கங்களுக்கும் (அலை அதிரும் திசைகளுக்கும்) இடையே 25, 30 டெசிபல் விலக்கம் கிடைக்கும். ஆனால் இன்றைய ரேடியோக்களில் பெரும்பாலானவை செங்குத்து, கிடைமட்டம் இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தித்தான் இரட்டை வேகம் காட்டுகின்றன. பக்கத்து ரேடியோவுக்கு விட்டுக்கொடுக்க மூன்றாவதாக ஒன்றும் மிச்சமில்லை.

“பவரைக் கூட்டினால் வென்றுவிடலாம்”

கூட்டியதும் முதலில் பாதிக்கப்படுவது சொந்த சிக்னலின் தரம். பெருக்கியை அதன் உச்சத்துக்கு விரட்டினால் சிக்னல் சிதையும். வேகமான பண்பேற்றங்களில் பல ரேடியோக்கள் தாமாகவே பவரைக் குறைத்துக்கொள்வது இதனால்தான். சேனலுக்கு வெளியே வழியும் குப்பையோ இன்னும் வேகமாக வளரும். சக்தி ஒரு டெசிபல் ஏறினால் மூன்றாம் வரிசைச் சிதைவு மூன்று டெசிபல் ஏறும். பக்கத்து ஆபரேட்டரின் இணைப்பு தேயும். அவரும் சும்மா இருக்கமாட்டார், பவரைக் கூட்டுவார். ஒரே மாதத்தில் எல்லா ரேடியோவும் உச்சத்தில் நிற்கும், யாருக்கும் வேகம் இருக்காது.

மறுமுனையில் கிடைக்கும் சிக்னல் தேவைக்கு மேல் இருந்தால் பவரைக் குறைப்பதே நல்லது. குறைத்ததும் இணைப்பு வேகமெடுப்பதைப் பார்த்து வியக்கும் தொழில்நுட்பர்கள் உண்டு. வியக்க ஒன்றுமில்லை. சிக்னல் எத்தனை கட்டம் என்பதைவிட, அதற்கும் இரைச்சலுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

“ஸ்கேனில் அந்தச் சேனல் காலி”

எந்த முனையில் பார்த்தது? குறுக்கீடு என்பது கேட்கும் இடத்தின் நோய். ஊர் நடுவே உள்ள டவர் முனையில் கூச்சல், பண்ணை வீட்டு முனையில் அமைதி என்பது சாதாரண நிலைமை. பண்ணை வீட்டில் ஸ்கேன் செய்துவிட்டுச் சேனல் தேர்ந்தால் டவர் முனை தவிக்கும். தவிர, ரேடியோவில் உள்ள எளிய ஸ்கேன் வைஃபை முகவரி ஒலிபரப்பும் கருவிகளை மட்டுமே பட்டியலிடும். தனி நெறிமுறையில் இயங்கும் பக்கத்து பேக்ஹால் அதில் பெயரில்லாமலே இருந்துவிடும். அலைக்கற்றையின் சக்தியை நேரடியாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரை இரு முனையிலும், மாலை நெரிசல் நேரத்தில், ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

“சேனலை அகலமாக்கினால் வேகம்”

80 மெகாஹெர்ட்ஸ் சேனல் 20-ஐவிட நான்கு மடங்கு இரைச்சலையும் உள்ளே வாங்கும். அது 6 டெசிபல் நஷ்டம். 5,725-லிருந்து 5,875 மெகாஹெர்ட்ஸ் வரை இருப்பது மொத்தமே 150. ஒருவர் 80-ஐ எடுத்துக்கொண்டால் டவரில் மற்றவர்களுக்கு முழுதாக இன்னொரு 80 கிடையாது. 40-க்கோ 20-க்கோ இறங்கி வந்தால், சுத்தமான குறுகிய சேனலில் ஓடும் இணைப்பு அழுக்கான அகலச் சேனலை முந்துவது அடிக்கடி நடக்கிறது.

“ஒரே சேனலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ரேடியோ நடக்கவே நடக்காது”

நடக்கும். நடத்திக் காட்டியது கான்பூர்.

அங்குள்ள ஐஐடி, ‘டிஜிட்டல் கங்கைச் சமவெளி’ என்ற திட்டத்தில் சாதாரண வைஃபையைக் கொண்டு கிராமங்களுக்கு நீண்ட தூர இணைப்புகளை அமைத்துப் பார்த்தது. அந்த அனுபவத்திலிருந்து பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் 2005-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதில் முன்வைத்த நெறிமுறைக்கு ‘2பி’ என்று பெயர். அவர்களுடைய யோசனை எளிமையானது. பக்கவாட்டுக் கசிவை முழுதாக ஒழிக்க முடியாது. ஆனால் அது கெடுப்பது எப்போது? ஒரு ரேடியோ பேசும்போது பக்கத்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தால் மட்டுமே. டவரில் உள்ள எல்லா ரேடியோவும் ஒன்றாகப் பேசி, ஒன்றாகக் கேட்டால்? பேசும் வேளையில் யாருக்கும் காது திறந்திருக்காது, கசிவு வீணே போகும். கேட்கும் வேளையில் கம்பத்தில் யாருக்கும் வாய் திறந்திருக்காது. தூரத்து முனைகள் மட்டுமே பேசும், அவரவர் டிஷ் அவரவர் திசையைப் பிரித்துக்கொள்ளும். இணைப்புகளுக்கு இடையே போதிய கோணமும், வந்து சேரும் சிக்னல்களிடையே ஓரளவு சமநிலையும் இருந்தால் எல்லாம் ஒரே சேனலில் ஓடலாம்.

வைஃபைக்கு இது இயல்பான காரியம் அல்ல. அருகே யாராவது பேசினால் வாய்மூடிக் காத்திருப்பதுதான் அதன் பிறவிக் குணம். அதை அணைத்துவிட்டு நேரப் பங்கீட்டைப் புகுத்த வேண்டும். ப்ரூவரின் குழு 2007-ல் வெளியிட்ட ‘வைல்ட்நெட்’ இதே வழியைப் பின்பற்றி, தொலைந்த பொட்டலங்களை மீட்கும் ஏற்பாட்டையும் சேர்த்தது. வழக்கமான வைஃபையின் உச்சத்தைவிட 2 முதல் 5 மடங்கு வேகம் கிடைத்ததாக அவர்கள் பதிவு செய்தார்கள். தேனியில் இணைப்புகள் விநாடிக்கு 5 முதல் 7 மெகாபிட்டில் ஓடின. இன்றைய கணக்கில் அற்ப வேகம்தான். கண் மருத்துவர் நோயாளியைப் பார்த்துப் பேச அது போதும்.

வணிக ரேடியோக்களில் இந்த வேலையைச் செய்வது ஜிபிஎஸ். செயற்கைக்கோள் சிக்னலை வைத்து ஜிபிஎஸ் ரிசீவர் விநாடிக்கு ஒரு துடிப்பை உருவாக்கும், எல்லா ரேடியோவும் அதை வைத்துத் தாளம் பிடிக்கும். மோட்டரோலாவின் ‘கேனபி’ ரேடியோக்கள் 2000-களின் தொடக்கத்திலேயே இப்படி இயங்கின. இந்த ஒத்திசைவை விற்பனைக் கொடியாகவே பிடித்த மிமோசா நிறுவனத்தை 2023-ல் ஜியோவின் துணை நிறுவனமான ராடிசிஸ் ஏறத்தாழ 6 கோடி டாலருக்கு வாங்கியது.

ஆனால் ‘ஜிபிஎஸ் சிங்க்’ என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் போதும் என்பது இன்னொரு நம்பிக்கை. டவரில் உள்ள எல்லா ரேடியோவுக்கும் சட்டக நீளமும் (ஒருமுறை அனுப்பிப் பெறும் சுற்றின் நேரம்), அனுப்புவதற்கும் பெறுவதற்குமான நேர விகிதமும் ஒன்றாக இருந்தால்தான் பலன். ஒருவர் 50:50, இன்னொருவர் 75:25 என்று வைத்தால் ஒவ்வொரு சட்டகத்திலும் கொஞ்ச நேரம் மோதல் உறுதி. அலை ஒரு கிலோமீட்டர் போக 3.3 மைக்ரோவிநாடி ஆகும் என்பதால் பேசுவதற்கும் கேட்பதற்கும் நடுவே விடும் காவல் இடைவெளியை டவரின் மிக நீண்ட இணைப்புக்கு ஏற்பவே வைக்க வேண்டும். இரண்டு நிறுவனங்களின் ரேடியோக்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று தாளம் சேராது. இதற்கெல்லாம் விலையும் உண்டு: எந்தத் திசையில் நெரிசலோ அந்தத் திசைக்கு அதிக நேரம் கொடுக்கும் சுதந்திரம் போய்விடும்.

வலை வரைபடத்துக்கும் இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. முதல் டவர் பேசும்போது இரண்டாவது கேட்க வேண்டும். இரண்டாவது கேட்டால் அதோடு இணைந்த மூன்றாவது பேச வேண்டும். அந்த மூன்றாவது, முதல் டவரோடும் இணைந்திருந்தால்? இரண்டும் ஒரே நேரத்தில் பேசும், கேட்க ஆளில்லை. மூன்று டவர்களை முக்கோணமாகக் கட்டிய வலையில் இந்த உத்தி பலிக்காது. ஒரு பக்கத்தை வேறு பட்டைக்கு மாற்றியாக வேண்டும்.

உரிமம் பெற்ற மைக்ரோவேவ் உலகமும் வேறு பாதையில் இதே இடத்துக்கு வந்து சேர்கிறது. இந்தியாவில் 6, 7, 13, 15, 18, 21 கிகாஹெர்ட்ஸ் பட்டைகளில் 28 மெகாஹெர்ட்ஸ் கேரியர்கள் ஜோடியாக ஒதுக்கப்படுகின்றன. மேல் பாதியில் ஒன்று, கீழ்ப் பாதியில் ஒன்று. ஒரு டவர் மேல் பாதியில் அனுப்பினால் அங்குள்ள அந்தப் பட்டையின் எல்லா ரேடியோக்களும் மேல் பாதியிலேயே அனுப்ப வேண்டும். ஒருவர் மட்டும் மாற்றி அமைத்தால், அவர் அனுப்புவது நேராகப் பக்கத்து ரேடியோவின் கேட்கும் பாதியில் போய் விழும். முக்கோணம் இங்கேயும் அதே தலைவலி. லட்சங்களில் விலையுள்ள ரேடியோவும் இதிலிருந்து தப்ப முடியாது.

“குறுக்கீடு ஆன்டெனா வழியாக மட்டுமே வரும்”

எஃப்எம் நிலைய ஆன்டெனா இருக்கும் டவரில் இந்த நம்பிக்கை நிலைக்காது. எஃப்எம் பட்டை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ். டவரில் 40 மீட்டர் உயரத்துக்கு ஓடும் கேட் 5இ ஈதர்நெட் கேபிள் 100 மெகாஹெர்ட்ஸ் வரையான சிக்னலைச் சுமக்கவென்றே வரையறுக்கப்பட்டது. கவசமில்லாத கேபிள் அங்கே நல்ல எஃப்எம் ஆன்டெனாவாகிவிடும். ரேடியோவின் பக்கத்தில் சிக்னல், இரைச்சல் எல்லாம் பிரமாதமாக இருக்கும். ஈதர்நெட் போர்ட்டில் பிழைக் கணக்கு ஏறிக்கொண்டே போகும், அல்லது ஜிகாபிட் இணைப்பு 100 மெகாபிட்டுக்குச் சரியும். கவசக் கேபிள், சரியான எர்த்திங், ஃபெரைட் வளையம் ஆகியவை மருந்து. இவற்றைப் பார்க்காமல் சேனல் மாற்றிக்கொண்டே இருந்தவர்கள் பல இரவுகளை இழந்திருக்கிறார்கள்.

“உரிமம் வேண்டாத பட்டை. யாரும் கேட்க முடியாது”

போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலையம் கேட்டது. விமானம் இறங்கும் பாதையில் காற்று திடீரென்று திசை மாறுவதைக் கண்டுபிடிக்க அங்கே ஒரு வானிலை ரேடார் உண்டு. அந்த வகை ரேடார்கள் 5,600 முதல் 5,650 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. 2009-ல் அதன் திரையில் குறிப்பிட்ட திசைகளில் கோடுகள் விழத் தொடங்கின. தேடிப் போனபோது வெளியே மாட்டிய 5 கிகாஹெர்ட்ஸ் இணைய ரேடியோக்கள் அகப்பட்டன. ரேடாரின் சிக்னல் காதில் விழுந்தால் சேனலைக் காலி செய்ய வேண்டிய ‘டிஎஃப்எஸ்’ ஏற்பாடு சரியாக வேலை செய்யாத, அல்லது அணைக்கப்பட்ட கருவிகளும் அவற்றில் இருந்தன. அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி அபராதம் விதித்தது. அத்தகைய ரேடாரிலிருந்து 35 கிலோமீட்டருக்குள்ளோ நேர்ப் பார்வையிலோ இருப்பவர்கள் அதன் அதிர்வெண்ணிலிருந்து குறைந்தது 30 மெகாஹெர்ட்ஸ் விலகியிருக்கும்படியும் வழிகாட்டியது. கூடுதல் சேனல் கிடைக்கிறதே என்று மென்பொருளில் வேறு நாட்டின் பெயரைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த வழக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தியாவில் 2018 அக்டோபர் அறிவிக்கை 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை உரிமம் இல்லாமல் திறந்துவிட்டது. நிபந்தனை: பிறருக்குக் குறுக்கீடு தரக் கூடாது, பிறர் குறுக்கீட்டிலிருந்து பாதுகாப்பும் கோர முடியாது, பட்டை எல்லாருக்கும் பொது. பக்கத்து டிஷ் தன் இணைப்பைக் கெடுக்கிறது என்று இந்தப் பட்டையில் இருப்பவர் பாதுகாப்பு கேட்டு எங்கும் போய் நிற்க முடியாது. ஆகவே அடுத்த முறை டவரில் ஆளை ஏற்றுவதற்கு முன் அதே டவரின் மற்ற ஆபரேட்டர்களுக்குப் போன் செய்து நான்கு விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்தச் சேனல், எவ்வளவு அகலம், சட்டக நீளமும் நேர விகிதமும் என்ன, டிஷ் எந்த உயரத்தில் எந்தத் திசையில் இருக்கிறது. உங்களுடைய நான்கையும் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.